டைல்ஸ் மேஸ்திரி வளர்த்த புல்தரை

டைல்ஸ் மேஸ்திரிக்குத் தன் கை படாவிட்டால் புல்கூட முளைக்காது என்று நினைப்பு. மீன்தொட்டியில் புல்தரை வேண்டுமென்று தண்ணீருக்குள் வளரும் குட்டிப் புல்லை மணலில் நூல் பிடித்து நட்டார். கோணலாகத் தெரிந்ததையெல்லாம் தினமும் பிடுங்கி நேராக்கினார். அப்புறம் எங்கே வேர் பிடிக்கும்?

அவர் வெளியூர் வேலைக்குப் போய்த் தொலைந்த பிறகுதான் தொட்டிக்கு விமோசனம். மனைவி உரம், மருந்து எதுவும் போடவில்லை. அளவாக விளக்குப் போட்டதோடு சரி. புல் தானாகப் படர்ந்து மணலை மூடியது. அவளுக்கு அதைப் பார்த்துப் பார்த்து ஆசை தீரவில்லை.

திரும்பி வந்தவர் முகத்தைச் சுளித்தார். "என்னடி, ஓரமெல்லாம் கோணல்மாணலா ஓடுது?"

"கையை வச்சீங்க, அவ்வளவுதான்! இப்பதான் வேர் பிடிச்சிருக்கு."

வைத்தார். ஒரு மூலையை இழுத்ததும் மொத்தமும் பாயாட்டம் சுருண்டு வந்தது. கலங்கிய தண்ணீரில் மீன்கூடத் தெரியவில்லை.

"இப்ப நேரா இருக்கா, மேஸ்திரி?" என்று கேட்டுவிட்டு அவள் விளக்கை அணைத்தாள்.