ரசலையனும் ஆறே முக்கால் அடியும்

சர்க்கார் ஆளே சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை, அடுப்புக்குத் தீப்போடுகிற ஆள் சரியில்லை என்று சொல்லிவிட்டார். நாலு வருஷமாகிறது. குலசேகரத்தில் ரப்பர் புகைப்புரை வைத்திருக்கும் குமாரதாசுக்கு அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. ஆற விட்டால்தானே? தினமும் காலையில் வந்ததும் வராததுமாக, அந்தத் தீப்போடுகிற ரசலையன் ஒரு கம்பை நட்டுக்குத்தலாகப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வாசல் வரைக்கும் நடப்பார். கம்பு ஆறே முக்கால் அடி. ரசலையன் ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு. வழியில் கம்பு நுனியில் எது தட்டினாலும் அது இறங்கியாக வேண்டும். கயிறு, வாளி, வேலைக்கு வரும் நாகம்மையின் சோற்றுத்தூக்கு, எதற்கும் தயவில்லை.

"இது ஆருக்க தூக்கு? எனக்கு முட்டாது. நாளைக்கு இதுவழி ஓடுகவனுக்கு முட்டும்."

யாரும் ஓடப்போவதில்லை என்பது குமாரதாசின் கட்சி.

ரப்பர்ப் பாலை உறையவைத்து ரோலரில் கொடுத்து எடுத்த ஷீட்டை, ஈரத்துணி மாதிரி மூங்கிலில் போட்டு நாலு நாள் புகை காட்ட வேண்டும். புரைக்கு நடுவே ஒரே வழி, ஒரே வாசல். அப்போது குலசேகரமும் திருவனந்தபுரத்து சர்க்காரின் கீழேதான். இன்ஸ்பெக்டர் அங்கிருந்து வந்தது ஒரு மாசி மாதம். மரமெல்லாம் இலை உதிர்த்து நிற்கிற காலம், பால்வெட்டு கிடையாது, மூங்கில் அத்தனையும் காலி. தீப்பிடித்தால் ஆள் தடையில்லாமல் ஓட, வழிக்கு மேலே தொங்குகிற எதுவும் ஆறே முக்கால் அடிக்குக் கீழே வரக்கூடாது என்று விதியைப் படித்தார். டேப்பை வைத்து மூங்கிலை அளந்தார். ஏழடி. பேஷ் என்று மலையாளத்தில் சீட்டெழுதிக் கொடுத்து, இளநீர் குடித்து, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் ரசலையன். ஜீப்பின் புழுதி அடங்கட்டும் என்று காத்திருந்து சொன்னார்:

"அவரு மூங்கிலை அளந்திட்டுப் போறாரு மொதலாளி. மூங்கிலா தொங்குது? ஷீட்டுல்லா தொங்குது. அது ரெண்டடி கீழ வரும்."

அன்றோடு போயிற்று. வழிக்கு மேலே இருக்கும் நாலு மூங்கிலும் அன்றுமுதல் மொட்டை. எண்பது ஷீட் கிடக்க வேண்டிய இடத்தில் காற்று தொங்குகிறது. குமாரதாஸ் அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடிப்பார்.

ஆளை மாற்ற வேண்டியதுதானே என்று கேட்கலாம். தேங்காய்க் கதம்பையும் ரப்பர் விறகும் போட்டு, சுவாலை எழும்பாமல் புகையை மட்டும் வளர்க்க அந்த வட்டாரத்தில் வேறு கை இல்லை. ரசலையன் காய்ச்சலில் கிடந்த எட்டு நாள் வேறொருவன் தீப்போட்டான். ஷீட்டெல்லாம் கரிந்த பப்படமாக வந்தது. ரசலையன் புகை காட்டினால் தேன் நிறம். அந்தத் திமிரும் ஆளுக்கு உண்டு.

வெளியிலும் இதே கூத்துதான். தேவகனியின் சாயாக்கடை வாசலில் ஒரு மட்டிப்பழக் குலை தொங்கும். அதன் கீழே ரசலையன் நுழைய மாட்டார், மழையானாலும் வெளியே நின்றே குடிப்பார். "முட்டுகதுக்கு ஒமக்குத் தலை எட்டணும்லா ஓய்" என்று தேவகனி கேலி செய்து பார்த்தார். ரசலையன் சாயாவை ஊதிக்கொண்டே இருந்தார். ஒரு மாதம் பொறுத்து, குலை உள்ளே சுவருக்குப் போயிற்று. கல்யாண வீட்டில் பந்தல் வாசல் தோரணத்தை ஏற்றிக் கட்டச் சொல்லி, மாப்பிள்ளையை வெயிலில் நிறுத்திய கதையும் உண்டு.

போன ஐப்பசியில்தான் குமாரதாசுக்குப் பொறுமை அறுந்தது. பத்து நாள் விடாத மழை. ஈரஷீட் அடுக்கடுக்காகக் கிடந்து வெள்ளைப் பூசணம் பூத்துவிட்டது. ரசலையன் அக்கா பேரனுக்கு ஞானஸ்நானம் என்று முட்டத்துக்குப் போன அன்று, குமாரதாஸ் வேலைக்காரப் பெண்கள் நாலு பேரையும் கூப்பிட்டு வழிக்கு மேலே எண்பது ஷீட்டையும் போடச் சொன்னார்.

மறுநாள் காலை ரசலையன் கம்போடு ரெண்டெட்டு வைத்தார், நின்றார். கம்பைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய் இறவாரத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். அடுப்பு குளிர்ந்து கிடந்தது.

"தீயப் போடும் ஓய்."

"வழி இல்லியே மொதலாளி."

"வாசல் தெறந்துதான கெடக்கு?"

"வாசல் தெறந்து கெடக்கு. வாசலுக்குப் போற வழி அடஞ்சு கெடக்கு."

"நாலே நாளு. மழை விட்டா எறக்கிரலாம். பூசணத்தைப் பாத்தீரா இல்லியா?"

"பூசணத்தைத் தொடச்சுக்கிடலாம்."

நாகம்மை நடுவில் புகுந்தாள். நாளெல்லாம் உள்ளே நின்று ஷீட்டைத் திருப்பிப் போடுகிறவள் அவள்தான். "அண்ணே, நாங்க குனிஞ்சு போயிக்கிடுவோம். குனியாத குனிப்பா?"

"கண்ணு தெரியும்போ குனிவ மக்கா. புகை அடச்சு ஓடும்போ குனிவியா? மொகத்துல ஷீட்டு ஒட்டிச்சுன்னா பிச்செடுக்க ரெண்டு கையும் வேணும்."

"இருவது வருசமா இஞ்ச ஒரு தீயும் பிடிக்கல்ல" என்றார் குமாரதாஸ்.

"நான் இருந்தேன், பிடிக்கல்ல."

குமாரதாசுக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. "இப்பம் நான் என்ன செய்யணும்ங்கீரு?"

ரசலையன் எழுந்தார். முதலாளியை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். "இஞ்சேருந்து வாசலுக்கு ஒரு தடவ ஓடும். நடக்கப்பிடாது. மேல ஒண்ணும் படல்லன்னா இப்பமே தீயப் போடுகேன்."

இவ்வளவுதானா என்று குமாரதாஸ் வேட்டியை மடித்துக் கட்டினார். ஆறடி ஆள். ஷீட்டின் விளிம்பெல்லாம் அவர் கழுத்துக்கு நேரே வரிசையாக ஆடிக்கொண்டிருந்தது. பெண்கள் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கினார்கள். ரசலையன் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை உருவி நாலாக மடித்தார், குதிகாலை எக்கி முதலாளியின் முகத்துக்கு நீட்டினார். மீசை வரைக்கும்தான் எட்டியது.

"கொஞ்சம் குனியும் மொதலாளி" என்றார். "கண்ணைக் கெட்டணும்."