சரளாக்கா வீட்டுப் பள்ளம்

வெள்ளம் வந்தால் ஜனங்கள் மொட்டை மாடிக்கு ஏறுவார்கள். எங்களைப் போன்ற தொண்டு நிறுவனக்காரர்கள் அரசு அலுவலகத்துப் படி ஏறுவோம். அவர்களாவது தண்ணீர் வடிந்ததும் இறங்கிவிடுவார்கள். மானியத்துக்காக நடையாய் நடந்து செருப்பு தேய்ந்த புண்ணியவான்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வயிற்றெரிச்சலோடு என்னுடையதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேனர் வரட்டும்

போன மழையில் வேகவதி ஆறு கரையோரத் தெருக்களுக்குள் புகுந்தது. அரசு நிதியில் சாப்பாடு போடலாம், ஆனால் திட்டத்தின் பெயர் எழுதிய பேனருக்கு முன்னால்தான் போட வேண்டும் என்று உத்தரவு. போட்டோ இல்லாவிட்டால் யாரும் சாப்பிட்டதாகவே கணக்கில்லை. பேனர் அச்சகத்தில் இருந்தது. அச்சகம் இடுப்பளவு தண்ணீரில் இருந்தது.

எங்கள் அமைப்பின் பொருளாளர் ஜரிகைக் கடை ரஃபீக் பாய். கல்யாண வீடுகளில் சமைக்கும் ஆளைப் பிடித்து ஒரு பெரிய தேக்சா நிறையக் குஸ்கா இறக்கி வைத்துவிட்டு, என்னோடு மழையில் பேனருக்காக நின்றார். எதிரே பள்ளிக்கூட வராந்தாவில் ஜனங்கள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அவரே மூடியைத் திறந்து கரண்டியைக் கையில் எடுத்தார். "பேனர் வந்தா அதுக்கும் ஒரு தட்டு எடுத்து வைக்கறேன்மா, மொதல்ல இவங்க சாப்புடட்டும்."

பள்ளம்

தண்ணீர் வடிந்த கையோடு சேதத்தைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். வேறு ஜில்லாவிலிருந்து மாற்றலாகி வந்தவர். நல்ல மனிதர். கஷ்டமே அதுதான், கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

சரளாக்கா பட்டு நெய்கிறவர். தண்ணீர் ஏறுவதற்குள் தறியைக் கழற்றி எதிர்வீட்டு மாடிக்கு ஏற்றிவிட்டார். வீட்டில் ஒரு பக்கச் சுவர் விழுந்திருந்தது. கூடத்தின் நடுவில், நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காருகிற தறிக்குழி மட்டும் சேற்றுத் தண்ணீரோடு கிடந்தது. அதிகாரி எட்டிப் பார்த்துப் பதறிப்போனார். வெள்ளம் வீட்டுக்குள்ளேயே பள்ளம் பறித்துவிட்டதாம்! சுவரைக் கட்டி, பள்ளத்தை மூட வேண்டும் என்று எழுதிவிட்டார்.

சார், அது தறிக்குழி, இவங்க பிழைப்பே அதில்தான் இருக்கிறது என்றேன். அவர் முகம் வாடியது. தறி என்றால் வேறு துறையாம், இந்த நிதி வீட்டுக்கு மட்டும்தானாம். குழி என்று எழுதினால் வீடு தொழிற்கூடமாகிவிடும், சுவருக்கும் காசு கிடையாது. சுவர் வேண்டுமென்றால் அது பள்ளமாக இருந்தாக வேண்டும்; பள்ளமென்றால் மூடியாக வேண்டும். போகும்போது எனக்கு ஆறுதல் வேறு. "கவலைப்படாதீங்க மேடம், நல்லா கெட்டியா மூடச் சொல்லித்தான் எழுதியிருக்கேன்."

வெயிலுக்குத் தார்ப்பாய்

கூரை ஒழுகுகிறது, தார்ப்பாய் வேண்டும் என்று மழையோடு மழையாக விண்ணப்பித்திருந்தோம். அவசர நிதி அல்லவா, அவசரமாகப் பரிசீலித்துப் பங்குனியில் கொடுத்தார்கள். வேறு எதற்காவது செலவழிக்கலாமா என்று கேட்டேன். கூடவே கூடாதாம். மண்டையைப் பிளக்கிற வெயிலில் மாகறல் வரை போய் வீடு வீடாகக் கொடுத்தோம். ஒரு விவசாயி பாயைப் பிரித்து, தடவிப் பார்த்து, மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். "அடுத்த வெள்ளத்துக்கு இப்பவே குடுத்துட்டீங்க, உங்க சுறுசுறுப்பு யாருக்கும்மா வரும்!"

மூடுவிழா

அதே நிதியில் சரளாக்கா வீட்டுச் சுவரும் எழும்பியது. பள்ளத்தை மட்டும் அப்படியே விட்டுவிடலாமா என்று நான் கேட்டதற்கு ரஃபீக் பாய் தலையில் அடித்துக்கொண்டார். மூடாவிட்டால் மொத்த நிதியும் திரும்பிப் போகும். அந்தத் தெருவில் மற்ற வீட்டுச் சுவர்களும் பாதியில் நின்றுவிடும். சரளாக்காவிடம் கேட்டோம். இத்தனை மாதமும் சுவர் இருந்த இடத்தில் பழைய புடவையைக் கட்டிக் குடித்தனம் செய்தவர் என்ன சொல்வார்? சரி என்றார். கூலிக்கு நெய்ய முதலாளி கொடுத்திருந்த பாவு நூலை, இனி இங்கே வேலைக்காகாது என்று அவரே ஆள் அனுப்பித் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டார்.

மண்ணைக் கொட்டி, திமிசு போட்டு இடித்து, மேலே சிமெண்ட் பூசினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் போட்டோ எடுக்க வேண்டியிருந்ததால் அழுகையைத் தள்ளிப்போட்டேன். மூடிய பள்ளத்தின் மேல் பயனாளி சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும் என்பது விதி. அக்கா ஏறி நின்றார். "சிரிக்கணுமா? நெஜமாவே சிரிப்புதான் வருதும்மா, சீக்கிரம் எடு, போயிடப்போவுது."

தோண்டுவிழா

அக்கா ஏனாத்தூரில் ஒரு கேன்டீனில் பாத்திரம் தேய்க்கப் போனார். பட்டிழை பிடித்த கை சாம்பார் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஆவணியில் வேறொரு துறை எங்களைக் கூப்பிட்டது. வெள்ளத்தில் தொழிலிழந்த நெசவாளிகளுக்குப் புதிதாகத் தறிக்குழி அமைத்துத் தர, தொண்டு நிறுவனங்களுக்கு நிதியாம். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: வீட்டில் ஏற்கனவே குழி இருக்கக் கூடாது. சரளாக்காவைவிடத் தகுதியான ஆள் தெருவில் யார் இருக்கிறார்கள்? முதல் ஆளாகத் தேர்வானார்.

பூசிய கொத்தனாரே கடப்பாரையோடு வந்தார். கெட்டியாக மூடியிருந்ததால், உடைத்துத் தோண்டி முடிப்பதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது. குழிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டித் தறியை இறக்கினார்கள். அக்கா காலை உள்ளே விட்டு உட்கார்ந்து, மிதியை ஒருமுறை மிதித்துப் பார்த்தார். வேறு பாவு தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். எப்போது என்று சொல்லவில்லை. வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. "இந்த தபா தண்ணி வந்தா தறி எப்படியோ போவட்டும்மா, மொதல்ல இந்தக் குழியைப் பேத்து மாடிக்கு ஏத்திடணும், உங்க சாருங்க கண்ல படாம."

வெள்ளம் கெடுத்ததைச் சரிசெய்ய ஒரு மானியமும், அந்த மானியம் கெடுத்ததைச் சரிசெய்ய இன்னொரு மானியமும் கிடைக்கிற ஊரில், நம்மைப் போன்றவர்களுக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் மட்டும் கிடையாது.