நான்-சப்

போன வாரம் அஜ்மானில் எனக்குக் காது பரிசோதனை. ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார் மலையாள நர்ஸ். காது போச்சு என்று எழுதிவிட்டால் வேலை என்னாவது என்ற பீதியில் அழுத்திக்கொண்டே இருந்தேன். "சேட்டா, நான் இன்னும் தொடங்கவே இல்ல," என்றார் அவர்.

எங்கள் பழைய கேப்டன் அண்ணாச்சி பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார். தூத்துக்குடிக்காரர். சரக்குக் கப்பலில் மாலுமியாக ஏறி, கடற்படைக்குப் போய் அதிகாரியாகி, நீர்மூழ்கிகளை வேட்டையாடியதற்குப் பதக்கம் வாங்கியவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு வாய்த்தது, நங்கூரம் போட்டு நிற்கும் பெரிய கப்பல்களுக்குக் குடிநீர் சுமக்கும் ஒரு துருப்பிடித்த குட்டிக் கப்பல். அதில் நான் பண்டாரி, அதாவது சமையல்காரன். என் சாம்பாரைச் சாப்பிட்டவருக்கு அதற்குமேல் எந்த நீர்மூழ்கியும் பயமில்லை.

திடீரென்று கப்பல் முதலாளி காணாமல் போனார். எங்களுக்கோ கரையிறங்க அனுமதியில்லை. கடலிலேயே கிடந்தோம். மூன்றாவது மாதம், அடித்தட்டில் டொக் டொக்கென்று சத்தம். கப்பல் பிளக்கிறது என்று லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு அலறினேன். அண்ணாச்சி இரும்புச் சுவரில் காதை வைத்தார்.

"நான்-சப்புலே."

தன்னைத்தானே சப்பை என்கிறாரே என்று பரிதாபப்பட்டேன். கேட்ட சத்தம் சப்மரீன், அதாவது நீர்மூழ்கி, இல்லை என்பதற்குக் கடற்படையில் அப்படிச் சொல்வார்களாம்.

"மீனு மோதுது. போய்ச் சோத்த வடி."

சோற்றை வடித்தேன், ஜாக்கெட்டோடு. நான்கு நாள் அதைக் கழற்றவில்லை.

ஐந்தாம் நாள் துறைமுகப் படகு வந்தது. நோயாளி ஒருவரை மட்டும் இறக்கலாம். நோயாளி அண்ணாச்சிதான், சர்க்கரையில் கால் வீங்கிக் கறுத்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

"இவன ஏத்துங்க. எனக்குக் காலுதான் போச்சு. இவனுக்கு மண்டையே போயிரும்."

மறுத்திருக்கலாம். அதற்குள் ஏணியில் பாதி இறங்கியிருந்தேன்.

"ஒரு வாரத்துல உங்களையும் எறக்கிருதேன், அண்ணாச்சி," என்று படகிலிருந்து கத்தினேன். கையை ஆட்டினார்.

அலுவலகம் அலுவலகமாக அலைந்தேன். நோயாளிக்கென்று கொடுத்த ஓர் இடம் தீர்ந்துவிட்டதாம்; இனி மாற்றுக் கேப்டன் வராமல் இவர் இறங்க முடியாதாம். மூன்றாவது வாரம் குமாஸ்தா கோப்பிலிருந்து தலை தூக்காமல் சொன்னார்: "கேப்டன் கலாஸ், பாய்." கலாஸ் என்றால் முடிந்தது; அண்ணாச்சி கப்பலிலேயே இறந்திருந்தார்.

கப்பலையும் பிறகு உடைக்க இழுத்துப் போனார்கள். ஊரில் அவர் மனைவிக்குப் போன் செய்து, கப்பலில் கூட வேலை பார்த்தவன் என்று மட்டும் சொன்னேன். நெடுநேரம் அழுதுவிட்டு, "அவுகளுக்குப் பதிலா எறங்குன புள்ள நல்லாருக்கானா தம்பி?" என்று கேட்டார்.

"நல்லாருக்கான், மதினி."

அந்தப் புள்ள நான்தான் என்று சொல்லிவிடலாம் என்று நேற்று மறுபடி அழைத்தேன். அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லையாம்.