பரங்கிப்பேட்டைக் கல்லுக்கு மாமா கட்டிய கதை

என் அக்கா சௌந்தரத்தின் புருஷன் கொளஞ்சியப்பன் மாமா ஒரு வைரத் தரகர். கடை கிடையாது, போர்டு கிடையாது. சட்டை உள்பையில் ஒரு பொட்டலம், கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஓடுகிற ஏதாவது ஒரு பஸ்ஸில் ஜன்னலோர சீட், அவ்வளவுதான் தொழில். வாயைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்தப் பாழாய்ப்போன வாய்தான் முதல்.

எங்கள் பக்கத்தில் வைரத்தைப் பார்த்த உடனே யாரும் வாங்கிவிட மாட்டார்கள். வீட்டுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று சில நாள் சாமி மாடத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அதற்குள் பால் திரிந்தாலும் போச்சு, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் போச்சு. கல் தரகர் கைக்கே திரும்பி வந்துவிடும்.

பரங்கிப்பேட்டைக் கல் என்றால் இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். மூக்குத்திக் கல். வெளிச்சத்தில் லேசாக நீலம் ஓடும். முதலில் பரங்கிப்பேட்டை அப்துல் ஹக் வீட்டில் இருந்தது. பிறகு சேத்தியாத்தோப்பு நெல் வியாபாரி ஒருவரிடம் போனது. கடைசியாக நெல்லிக்குப்பத்தில் கரும்பு போடுகிற ராஜாமணியம்மா வாங்கினார்.

அவர் அதை விற்க நினைத்தபோது மாமாவைத்தான் கூப்பிட்டார். அக்காவுக்கு வைர மூக்குத்தி என்றால் உயிர். ஊரார் வைரத்தையெல்லாம் சுமந்த மனுஷனால் பெண்டாட்டிக்கு ஒன்று வாங்க முடியவில்லை. அந்த ஆற்றாமையில், விலையை இறக்க ஒரு கதை கட்டினார். அப்துல் ஹக் வியாபாரம் நொடித்தது, நெல் வியாபாரி செத்தது, ராஜாமணியம்மாவின் கரும்பு தீப்பிடித்தது எல்லாம் இந்தக் கல்லால்தான் என்றார். அப்துல் ஹக் நொடிக்கவே இல்லை. மகனைச் சிங்கப்பூருக்கு அனுப்பத்தான் கல்லை விற்றார். நெல் வியாபாரி பேரன் பேத்தி எடுத்து, வயதாகிப் போய்ச் சேர்ந்தவர். சாவு விழாத வீடு எங்கே இருக்கிறது?

ஆனால் கரும்பு எரிந்தது நிஜம். ராஜாமணியம்மா ஆடிப்போனார்.

"எடுத்துட்டுப் போயிடு கொளஞ்சி. குடுக்கறதைக் குடு" என்றார்.

அந்தம்மா அதோடு விட்டாரா? பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஆளை விழுங்கும் கல் என்று சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை வரை பேச்சாகிவிட்டது. மாமா மட்டும் அக்காவிடம், இது பாண்டிச்சேரியில் வாங்கிய வேறு கல் என்று சொல்லி அவள் மூக்கில் போட்டுவிட்டார். அன்றைக்கு அக்கா கண்ணாடியை விட்டு நகரவில்லை.

போன வருஷம் கீழ வீதி வளையல் கடையில் அப்துல் ஹக்கின் மகள் சைனம்பு என் அக்காவைப் பார்த்திருக்கிறாள். "இது எங்க உம்மா போட்டிருந்த கல்லுக்கா. நீலம் ஓடுது பாருங்க" என்று ஆசையாகச் சொல்லியிருக்கிறாள். அக்கா அங்கேயே மூக்குத்தியைக் கழற்றிவிட்டாள்.

அடுத்த மாதம் அவள் மார்பில் கட்டி தெரிந்தது. சீக்கிரமே வந்துவிட்டீர்கள், ஆபரேஷன் செய்தால் குணமாகிவிடும் என்றார் டாக்டர். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "மொதல்ல கல்லு வெளிய போவணும். அது போனா இதுவும் போயிடும்" என்றாள்.

மாமா தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டார். "அது நான் கட்டுன கதை சௌந்தரம். உன் மூக்குல பாக்கணும்னு சொன்ன பொய்யி. கல்லுல ஒண்ணும் இல்ல."

"என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதுக்காக இப்பதான் பொய் சொல்றீங்க. ஊரே பொய்யா சொல்லும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கத்தினேன். அவள் அசையவில்லை. கல்லை எறிந்தால் ஆபரேஷனுக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேருகிற இடத்துக்குப் போய், அவள் கண்ணெதிரே மாமா மூக்குத்தியை எறிந்தார்.

வீடு திரும்பியதும் பேச்சை மாற்றிவிட்டாள். கல்லை வைத்துப் பார்க்கிற மாதிரி, கல் இல்லாமல் கொஞ்ச நாள் இருந்து பார்க்கிறேன் என்றாள். நன்றாகச் சாப்பிட்டாள், சிரித்தாள். "சின்னதாயிடிச்சிடா" என்று என்னிடம் சொல்வாள். மாமா தினமும் கெஞ்சினார். மழைக்காலம் வந்தபோது அவளால் கையைத் தூக்க முடியவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினோம். வீட்டிலேயே வைத்து நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அக்கா கிண்ணத்தைத் தள்ளிவிட்டு மாமாவைப் பார்த்தாள்.

"நீங்க எறிஞ்சது வேற கல்லு. தரகர் கை, மாத்தத் தெரியாதா? அது இன்னும் வீட்டுலதான் இருக்கு. இல்லன்னா நான் ஏன் இப்பிடிக் கெடக்கறேன்?"

"சத்தியமா எறிஞ்சிட்டேன்டி."

"நான் வாழணும்ங்க. எங்க வெச்சிருக்கீங்க, எடுங்க."

மாமா எழுந்து பீரோவைத் திறந்து ஒவ்வொரு புடவையாக உதற ஆரம்பித்தார். அலமாரி டப்பாக்களைக் கவிழ்த்தார். அரிசி டின்னுக்குள் தோள் வரை கையை விட்டுத் துழாவினார். அக்கா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடியில பாருங்க" என்றாள்.

"பாக்கறேம்மா" என்றார் மாமா.