வழிவிடும் கை

மலையடிவாரம் வந்ததும் தணிகாசலம் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளுவார். "வெறுங்கால்ல மிதிச்சாத்தான் சார் கிளட்ச்சு பேசும்."

வயது ஐம்பத்து மூன்று. புதுச்சேரி, ரெட்டியார்பாளையம். பஞ்சாலையில் பத்தொன்பது ஆண்டு வேலை. ஆலை மூடியபின் ஒரு வெள்ளை அம்பாசிடரை வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். எங்கள் ஊர் தட்டையானது; தெருக்கள் குறுகல். எதிரே சைக்கிள் வந்தாலும் ஒதுங்கி நின்று, சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "நீ போ நைனா" என்பார். வீட்டிலிருந்து கடைத்தெரு போவதற்குள் பதினொரு முறை. அவர் வண்டியில் வழக்கமாகப் போகிற நான் எண்ணியிருக்கிறேன்.

கொல்லிமலையின் எழுபது வளைவுகள் அவரை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தன. 2004இல் இருபத்தாறாம் வளைவு. மறு ஆண்டு முப்பத்தொன்று. வண்டிக்குத் தெம்பில்லை, இம்முறையும் ஏறாவிட்டால் விற்றுவிடுவது என்று மனைவி தையல்நாயகியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். மலையுச்சியையே பார்த்திராத அந்த அம்மாளுக்கு வண்டியை விற்க மனமில்லை.

2006 பிப்ரவரி 12, ஞாயிறு. முன்னிருக்கையில் நான், பின்னால் தையல்நாயகி. முப்பத்து மூன்றாம் வளைவில் மேலிருந்து ஒரு பேருந்து இறங்கியது. தணிகாசலம் ஓரங்கட்டி நிறுத்திக் கையை நீட்டினார். பேருந்தும் நின்றுவிட்டது. இருவரும் நகரவில்லை. அம்பாசிடர் உறுமி அணைந்து, ஒரு முழம் பின்னுக்கு நழுவியது. தையல்நாயகி குதித்திறங்கி, ஒரு கல்லைப் புரட்டிப் பின்சக்கரத்துக்கு அண்டக்கொடுத்தார்.

"மாடு வந்தாகூட வழி வுட்டு நிக்கிற மனுசன்," என்றார் என்னிடம்.

பேருந்து ஓட்டுநர் தலையை நீட்டினார். "ஏறுற வண்டிக்குத்தாங்க மொத வழி. நாங்கதான் நிக்கணும். வேகத்த வுட்டுட்டா எந்த வண்டிங்க ஏறும்?"

தணிகாசலம் நீட்டிய கையை உள்ளே இழுத்துக்கொண்டார். முன்பு இரண்டு முறையும் எதிர்வண்டிக்கு ஒதுங்கிய இடத்தில்தான் அணைந்தது என்பதை அப்போதுதான் சொன்னார்.

"அப்ப வண்டி மேல தப்பு இல்லியா சார்?"

"இல்லை" என்றேன்.

தையல்நாயகி ஏறிக்கொள்ள, கல்லின் பிடியில் வண்டி மறுபடி கிளம்பியது. மீதி முப்பத்தேழு வளைவுகளில் நான்கு வண்டிகள் எங்களுக்காக நின்றன. ஒவ்வொருவரையும் மன்னிப்புக் கேட்பதுபோல் கும்பிட்டார், ஆனால் நிறுத்தவில்லை.

பதினொன்று இருபதுக்கு உச்சி. கீழே வயல்கள் துண்டு துண்டாக, வெயிலில் தெளிவாகத் தெரிந்தன. தையல்நாயகி இறங்காமல் சன்னலோரமாகவே பார்த்துக்கொண்டிருந்தார். தணிகாசலம் வெறுங்காலோடு சுற்றி வந்து, பின்கதவைத் திறந்து, மனைவியைக் கொஞ்சம் நகரச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.