முதுகில் எழுதிய உபயம்

கொடுக்க எத்தனையோ வழி இருக்கிறது. மலேசியாவில் மந்தின் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஆட்களுக்காக நாங்கள் நடத்தும் உதவிச் சங்கத்துக்கு அரிசி தரலாம், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு டயப்பர் வாங்கித் தரலாம். கார் இருந்தால் டயாலிசிஸுக்குப் போகிறவர்களைச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகலாம். எதுவும் இல்லையா, ஞாயிற்றுக்கிழமை வந்து எங்களோடு உட்கார்ந்து வெங்காயம் உரிக்கலாம். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். கூடவே, தயவுசெய்து பெயர் எழுதாதீர்கள் என்றும் சொல்வேன்.

நம் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. கோயிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுத்தால் பாதி லைட்டை மறைத்துப் பெயர் எழுதிவிடுவோம். வெளிச்சம் வருகிறதோ இல்லையோ, உபயம் யாரென்று தெரிந்தாக வேண்டும். டியூப் லைட் பேசாது, பொறுத்துக்கொள்ளும்.

எங்கள் லயத்து வீட்டு வரிசையில் ஓர் அக்கா இருக்கிறார். உடம்பில் தெம்பு இருந்தவரை பால்மரம் சீவியவர். சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அவர் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தபோது, மண்டபத்துக்குப் போக ஒரு சக்கர நாற்காலி வேண்டுமென்று சங்கத்தில் கேட்டேன். லோரி கம்பெனி வைத்திருக்கும் ஒருவர் உடனே வாங்கி அனுப்பினார். நல்ல நாற்காலி, குறை சொல்லக் கூடாது. ஆனால் முதுகுப் பக்கம் முழுக்க மஞ்சள் பெயிண்டில் உபயம் என்று போட்டு அவர் பெயர், அதற்குக் கீழே கம்பெனி பெயர்.

அக்கா அதைத் திருப்பிப் பார்த்தார்.

"நான் என்ன இவரு லோரியாம்மா? என் மக கல்யாணத்துல எல்லாரும் எனக்குப் பின்னால நின்னு இதப் படிக்கணுமா? நான் வரல லா. நீங்க போயி நடத்துங்க."

பெற்றவள் வீட்டில் கிடக்க, நாங்கள் மட்டும் போய்க் கல்யாணச் சாப்பாடு சாப்பிடுவதா? எனக்கு வந்த கோபத்தில் பெயிண்ட் அழிக்கும் தின்னரையும் பழந்துணியையும் எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன். தேய்த்துத் தேய்த்துக் கை எரிந்தது. அந்தப் பக்கம் வந்த சங்கச் செயலாளர் பதறிப்போனார்.

"கொடுத்தவரு மனசு நோகும்மா. அடுத்த தடவ தர மாட்டாரு."

"தரலன்னா போகட்டும்ண்ணே. அக்கா தன் மக கல்யாணத்துக்கு வரணும்."

கல்யாணத்தன்று அந்த லோரி முதலாளியும் வந்தார். தாலி கட்டக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று பார்த்தவருக்கு முகம் மாறிவிட்டது.

"என் பேரு எங்கம்மா?"

"நான்தான் அழிச்சேன்."

"அப்ப வேற யாராச்சும் கொடுத்த நாற்காலியில உட்காரச் சொல்லு."

அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்த பிளாஸ்டிக் நாற்காலிய இப்படிப் போடு" என்றார் என்னிடம். என் தோளைப் பிடித்து எழுந்து, மாறி உட்கார்ந்தார். நாங்கள் நான்கு பெண்கள் அவரை நாற்காலியோடு தூக்கிப்போய் மணவறையில் மகள் பக்கத்தில் இறக்கினோம். கெட்டிமேளம் கொட்டியது. அக்கா அட்சதை போட்டு அழுதார்.

முதலாளி காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனார். அக்கா என்னைக் கைகாட்டி அழைத்தார்.

"அந்த அண்ணன சாப்பிடாமப் போக விடாத. எல போட்டு உட்கார வையி. எங்க எலையில யாரு பேரும் எழுதலன்னு சொல்லு."

ஓடிப்போய், ஒரு சொல் விடாமல் அப்படியே சொன்னேன்.