மீதி இருந்த இரண்டு பூனைகள்

சின்னது செத்த அன்று மத்தியானமே மற்ற இரண்டையும் காய்கறிப் பையில் போட்டு, மூச்சு விட இடம் வைத்துச் சணலால் கட்டி, வண்ணார்பேட்டையில் பஸ் ஏறினேன். செத்ததைப் பழைய சேலையில் சுற்றி அறை மூலையில் வைத்து, மேலே ஒரு கூடையைக் கவிழ்த்துவிட்டு வந்திருந்தேன். அழ நேரம் இருக்கவில்லை. மூன்றும் ஒரே வட்டிலில் தின்றவை. ஒன்று நுரை தள்ளிச் செத்திருக்கிறது, மற்ற இரண்டும் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் மனதில் ஓடியது.

பையைக் கட்டும்போது கீழ்வீட்டு ஆட்டோக்காரரின் மனைவி வந்து பிடித்துக்கொண்டாள். "எவனோ வெஷம் வச்சிருக்கான்க்கா. பூனையைக் கொன்னவன் தங்கத்துல பூனை செஞ்சு தானம் குடுத்தாலும் பாவம் தீராது" என்றாள். "தீரவே தீராது" என்று நானும் சொன்னேன்.

பஸ்ஸில் கண்டக்டர் பையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ள என்னம்மா?"

"பூனை. ரெண்டு."

"கத்துதே."

"உசுரு இருக்குல்லா, கத்தத்தான் செய்யும்."

"பொம்பளையளுக்கு ஓசி. இது ரெண்டும் பொம்பளதானா?"

"ஒண்ணு கடுவன்."

"அப்ப அதுக்கு டிக்கெட் போடணும்லா" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் முன்பக்கம் போய்விட்டார்.

நான் ஒரு மெஸ்ஸில் சமையலுக்குத் துணையாக இருக்கிறேன். மீன் கழுவுவது, காய் நறுக்குவது, பாத்திரம் தேய்ப்பது. எட்டாவதோடு படிப்பு நின்றது. பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி, கொல்லத்தில் முந்திரி உடைப்பு, மும்பையில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலை. எங்கும் மூன்று வருடம் முழுதாக இருந்ததில்லை. கட்டிக்கொண்ட ஆளோடும் அப்படித்தான். ஒரு ஊர் பழகிப்போனால் எனக்குக் கால் தரிக்காது. இந்த மொட்டைமாடி அறைக்கு வந்தபோதும் தை பிறந்ததும் கிளம்பிவிடலாம் என்று பெட்டியைப் பிரிக்கவே இல்லை. அந்தப் பெட்டியின்மேல் ஒரு சாம்பல்வரிப் பூனை வந்து படுத்தது. நிறைமாதம். விரட்டினால் திரும்ப வந்தது. அங்கேயே மூன்று குட்டி போட்டது. ஒன்று பிறந்த அன்றே போய்விட்டது, ஒன்றைக் காக்கை தூக்கியது. தங்கியதுதான் சின்னது. கறுப்பு உடம்பு, நான்கு காலும் வெள்ளை. பிறகு எங்கிருந்தோ காது கிழிந்த செவலைக் கடுவன் ஒன்று வந்து சேர்ந்தது. பெயர் வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. பெரியது, சின்னது, கடுவன். இவை வந்து மூன்று தை போய்விட்டது.

கால்நடை ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் ஒரு சினை ஆடும், கால் ஒடிந்த சேவலும் நின்றன. டாக்டர் இளவயதுப் பெண். மேசையில் பையைப் பிரித்ததும் கடுவன் பாய்ந்து அலமாரிக்கு அடியில் போய்விட்டது. பெரியது அசையாமல் கிடந்தது. அது அசையாமல் கிடந்ததே எனக்குப் பயமாக இருந்தது.

"செத்தது வாந்தி எடுத்துச்சா?"

"எடுத்துச்சு. வெட்டி வெட்டி இழுத்துச்சு. நான் மெஸ்ஸுலேர்ந்து பத்து மணிக்கு வாரேன், அப்பவே நுரை தள்ளிட்டுக் கெடக்கு. தூக்கிட்டு ரெண்டு படி எறங்கல, முடிஞ்சிட்டு."

"என்ன தின்னுச்சு?"

"நேத்து சாளை மீன் தலை. மூணும் ஒண்ணாத்தான் தின்னுச்சு."

"மருந்து ஏதும் குடுத்தியளா?"

"ஒண்ணும் குடுக்கலம்மா. மழையில நனைஞ்சு சளி பிடிச்சிருந்துச்சு, அவ்வளவுதான்."

டாக்டர் பெரியதின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். பிறகு குனிந்து வாயை முகர்ந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இது வாயில சூடம் வாசம் அடிக்கே."

"அது செத்த குட்டிக்குத் தேய்ச்ச எண்ணெய்ம்மா. இதுதான் தாய்."

மருந்து கொடுத்தேனா என்று கேட்டபோது நான் பொய் சொல்லவில்லை. தேங்காய் எண்ணெயைச் சுடவைத்து, அதில் சூடத்தை நுணுக்கிப் போட்டு, நெஞ்சிலும் முதுகிலும் தேய்ப்பதை மருந்து என்று நான் எப்போதும் நினைத்ததில்லை. மூக்கு ஒழுகும் பிள்ளைக்குச் சட்டை போடுவதைப் போல அது ஒரு காரியம். மும்பையில் அந்த வீட்டுக் குழந்தைக்கு எத்தனை தடவை தேய்த்திருக்கிறேன். அன்று காலை வேலைக்குக் கிளம்பும் முன் சின்னதை மடியில் போட்டுத் தேய்த்துவிட்டேன். தாராளமாகவே தேய்த்தேன். அது நெளிந்தது. குளிரில் நெளிகிறது என்று இன்னும் கொஞ்சம் விட்டேன்.

டாக்டர் திட்டவில்லை. மெதுவாக எடுத்துச் சொன்னார். "பிள்ளைக்குத் தேய்ச்சா அது சும்மா கெடக்கும்மா. பூனை நக்கிரும். தோல் வழியாவும் உள்ள இறங்கும். சூடம் அதுக்கு வெஷம். இந்தத் தாய் அதை நக்கியிருக்கு. ஒட்டிப் படுத்திருந்தா கடுவன் மேலயும் இருக்கும்."

"அப்ப நான் தேய்ச்சதுலயா செத்துச்சு?"

"தெரியாமத்தான செஞ்சிய."

சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, துவட்டி, கதகதப்பாக வைக்கச் சொன்னார். நடுக்கம் வந்தாலோ வாயில் நுரை வந்தாலோ உடனே தூக்கி வரவேண்டும். நாளை இந்த நேரம்வரை ஒன்றும் இல்லாவிட்டால் தப்பித்தது. திரும்பி வரும்போது பஸ் கூட்டத்தில் பையை மடியில் வைத்து, கையை உள்ளே விட்டு, இரண்டின் விலாவையும் தொட்டுக்கொண்டே வந்தேன். நடுங்குகிற மாதிரியே இருந்தது. பஸ்தான் நடுங்கியது.

அறைக்கு வந்து கட்டை அவிழ்த்ததும் பெரியது நேராகக் கூடையிடம் போனது. கூடையை முகர்ந்து, முன்காலால் பறித்து, உள்ளே போகப் பார்த்தது. சேலைக்குள் இருப்பதை நக்கத்தான் போகிறது. சின்னதின் உடம்பெல்லாம் அந்த எண்ணெய் இருந்தது. பெரியதைத் தூக்கிக் குளியலறையில் அடைத்துக் கதவைச் சாத்தினேன். அது கதவைப் பிறாண்டிக்கொண்டு கத்தியது. மகளைக் கடைசியாக ஒருதரம் நக்க அதை நான் விடவில்லை. விட்டிருக்கவும் முடியாது.

வெளிச்சம் இருக்கும்போதே ஆற்றங்கரையில் புதைத்துவிட்டு வந்தேன். கீழ்வீட்டுக்காரியும் நானும் சேர்ந்து இரண்டையும் கழுவினோம். கடுவன் அவள் கையைக் கிழித்துவிட்டது. ரத்தத்தைக் கழுவிக்கொண்டே, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். சொன்னேன். வெகுநேரம் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தாள். "நானும் எம்பிள்ளைக்கு அதத்தானக்கா தேய்க்கேன்" என்றாள். தங்கப் பூனையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

மறுநாள் மெஸ்ஸுக்குப் போகவில்லை. முதலாளி அண்ணாச்சி போன் செய்தார். "என்ன, பூனைக்கு ஒடம்பு சரியில்லன்னு லீவா? இங்கன மீனு யாரு கழுவுவா, பூனையா?" என்றார். "நாளைக்கு வாரேன் அண்ணாச்சி" என்று வைத்துவிட்டேன். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து மூச்சை எண்ணினேன். பெரியது தூக்கத்தில் மீசையை அசைத்தால்கூட எழுந்து பார்த்தேன். மத்தியானம் டாக்டர் சொன்ன நேரம் கடந்தது. இரண்டும் உயிரோடு இருந்தன. கடுவன் கருவாட்டைத் தின்றது. பெரியது வாசல்படி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம், பெட்டிக்கு மேல் என்று சின்னது படுக்கிற இடமெல்லாம் ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கொஞ்சம் தின்றது.

மூன்றாம் நாள் காலை பெரியது தும்மியது.

ஒரு தும்மல்தான். குனிந்து மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். சிறிது நேரத்தில் மூக்கும் ஒழுகியது. சின்னதுக்கு வந்த அதே மாதிரி. கீழ்வீட்டுக்காரி துளசியைக் கசக்கிச் சாறு ஒரு சங்கு புகட்டலாமா என்று கேட்டாள். "ஒண்ணும் வேண்டாம், அதைத் தொடாத" என்று சொன்ன குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. மறுபடி பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "சளிதான். இந்த மழைக்கு எல்லாத்துக்கும் வருது. தீனி எடுக்கா?"

"எடுக்கு."

"அப்ப ஒண்ணும் செய்யாண்டாம். சாக்கு விரிச்சு ஈரம் படாம வையுங்க. நாலஞ்சு நாள்ல தானாப் போயிரும்."

"ஒண்ணுமே செய்யாண்டாமா?"

"ஒண்ணுமே."

நான் பூனையைத் தூக்காமல் நின்றேன். "சின்னதுக்கும் இதே சளிதானாம்மா?"

அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். "இருக்கலாம்" என்றார். கையைத் துடைத்துக்கொண்டே, "அதையெல்லாம் நினைக்காதிய" என்றார்.

ஒன்றும் செய்யாமல் இருப்பதுபோல் ஒரு கஷ்டமான வேலையை நான் எந்த ஊரிலும் செய்ததில்லை. பெரியது தும்மும்போதெல்லாம் கை அதன் நெஞ்சைத் தேடிப் போகும். கையை இழுத்து என் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வேன். மெஸ்ஸில் மீன் கழுவும்போதும் அது தும்முவது காதில் கேட்டது. வந்ததும் முதலில் மூக்கைப் பார்ப்பேன். நான்காம் நாள் ஒழுகல் கெட்டியானது. ஆறாம் நாள் குறைந்தது. குறையக் குறைய எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது, என்ன பயம் என்று விளங்கவில்லை.

எட்டாம் நாள் மழை விட்டு வெயில் அடித்தது. காலையிலிருந்து பெரியது ஒரு தும்மலும் தும்மவில்லை. மூக்கு காய்ந்து சுத்தமாக இருந்தது. மொட்டைமாடிச் சுவரில் ஏறி, கடுவனைத் தள்ளிவிட்டு, வெயில் விழுந்த இடத்தில் உட்கார்ந்தது. வேலைக்குக் கிளம்பிப் படியில் கால் வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். செத்த அன்று வராத அழுகை அப்போது வந்தது. சத்தம் போட்டுத்தான் அழுதேன்.

கீழ்வீட்டுக்காரி ஓடி வந்தாள். "என்னக்கா, பெருசுக்கு ரொம்ப முடியலயா?"

"இல்ல. நல்லாயிட்டு."

"பொறவு எதுக்கு அழுவுதிய?"

"ஒண்ணுமே செய்யல, தானா நல்லாயிட்டுல்லா. அதுக்குத்தான்."